4 அடி தொட்டியில் மலாவி சிக்லிட்: தண்ணீர், பாறை, மீன் தேர்வு

பதிவு 1 | கண்ணாடிப்பெட்டி (சென்னை)

வணக்கம். 4 × 1.5 × 1.5 அடி தொட்டி, 10 மி.மீ. கண்ணாடி, இரும்பு ஸ்டாண்ட். இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் மீன்கள், அதிலும் பாறையிடையே வாழும் எம்பூனா வகை போடலாம் என்று எண்ணம். டெஸ்ட் கிட்டில் வந்த எண்கள் (பி.எச். அமில–காரத்தன்மை, கே.எச். கார்பனேட் அளவு, ஜி.எச். கால்சியமும் மக்னீசியமும் தரும் மொத்தக் கடினத்தன்மை, டி.டி.எஸ். கரைந்த உப்புகளின் மொத்த அளவு):

மெட்ரோ தண்ணீர்: பி.எச். 7.4, கே.எச். 3, ஜி.எச். 6, டி.டி.எஸ். 280
போர் தண்ணீர்: பி.எச். 7.6, கே.எச். 14, ஜி.எச். 32, டி.டி.எஸ். 1450

"ஆப்பிரிக்கனுக்குக் கடினத் தண்ணிதான் வேணும், போர் தண்ணியே போதும், கூட ரெண்டு கை கல்லுப்பு போடுங்க" என்று கடையில் சொல்கிறார்கள். சரியா? மணல், பாறை, ஃபில்டர், எந்த மீன், எத்தனை என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்லுங்கள்.

பதிவு 2 | பாறைமேடு

கல்லுப்பு வேண்டாம் தம்பி. முதலில் அந்த ஏரியின் எண்களைப் பாருங்கள். மலாவி ஏரியில் பி.எச். 7.7 முதல் 8.6 வரை. கே.எச். 6–8. ஜி.எச். வெறும் 4–6. கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் 210 முதல் 285 மைக்ரோசீமென்ஸ். நம் கையிலிருக்கும் டி.டி.எஸ். மீட்டர் அங்கே 100க்கும் 200க்கும் நடுவில்தான் காட்டும். அதாவது உங்கள் மெட்ரோ தண்ணீரிலேயே ஏரியைவிட உப்புச்சத்து அதிகம். போர் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"ஆப்பிரிக்கனுக்குக் கடினத் தண்ணி" என்பது இன்னொரு ஆப்பிரிக்க ஏரியான தாங்கன்யீகாவுக்கு ஓரளவு பொருந்தும். அங்கே கே.எச். 16–19, ஜி.எச். 7–11, பி.எச். 9ஐ ஒட்டி. மலாவியின் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, ஆனால் மென்மையானது. இரண்டு ஏரிகளிலும் கே.எச்., ஜி.எச்.ஐவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் போர் தண்ணீர் நேர்த் தலைகீழ்: ஜி.எச். 32, கே.எச். 14. கார்பனேட்டாக வராத மீதிக் கடினமெல்லாம் குளோரைடும் சல்பேட்டும்.

மீன் செத்துவிடுமா என்றால், பண்ணையில் வளர்ந்த எம்பூனா சாகாது, தாங்கும். தாங்குவதை வைத்து அதுதான் சரியான தண்ணீர் என்று கடைக்காரர் முடிவுக்கு வந்துவிடுகிறார்.

பதிவு 3 | வேதிக்கணக்கு

பாறைமேடு அண்ணா சொன்னதற்குக் கணக்கு மட்டும் சேர்க்கிறேன்.

பி.எச்.ஐக் கீழே விழாமல் பிடித்து நிறுத்துவது கே.எச். அதை ஏற்ற மளிகைக் கடை ஆப்ப சோடாவே போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். 1 ஏறும். உங்கள் தேவை 3இலிருந்து 7. ஆக 100 லிட்டருக்கு 12 கிராம். காற்றுக்கல் நன்றாக ஓடினால் பி.எச். தானாக 8.2 அருகே வந்து நிற்கும். பி.எச்.ஐத் துரத்த வேண்டாம், கே.எச்.ஐ மட்டும் பிடியுங்கள்.

மூன்று எச்சரிக்கை. பேக்கிங் பவுடர் வேறு. அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். சலவை சோடாவும் வேறு, அது பி.எச்.ஐ ஒரேயடியாக 9க்கு மேல் தூக்கும். மீன் உள்ளே இருக்கும்போது ஒரு நாளைக்கு கே.எச். 1, மிஞ்சினால் 2க்கு மேல் ஏற்றக்கூடாது. வெறும் தொட்டியில் ஒரே நாளில் முழுதும் போடலாம்.

ஜி.எச். 6 உங்களுக்கு ஏற்கெனவே சரியாக இருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் மாதிரி மென்மையான தண்ணீர் வரும் கோவைக்காரர்கள் மட்டும் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) சேர்க்கலாம்: 100 லிட்டருக்கு 4.4 கிராம் ஜி.எச்.ஐ 1 ஏற்றும். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அவர்களும் எல்லாவற்றையும் எப்சத்திலேயே ஏற்றாமல் கொஞ்சம் கால்சியமும் சேர வழி செய்ய வேண்டும். ஏரியில் கால்சியம் மக்னீசியத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

பதிவு 4 | கொளத்தூர்வாசி

சோடாவை நிறுத்துப் போடுவதெல்லாம் முதல் மாதம் சுவாரசியமாக இருக்கும், அப்புறம் யாரும் செய்ய மாட்டார்கள். 3 குடம் மெட்ரோவுக்கு 1 குடம் போர் கலந்தால் என்ன? கே.எச். 5.75, ஜி.எச். 12.5, டி.டி.எஸ். 570 வரும். சென்னை கொளத்தூர்ப் பக்கம் அலங்கார மீன் பண்ணைகளில் இதைவிடக் கடினமான தண்ணீரில்தான் குஞ்சே எடுக்கிறார்கள். கடையில் வாங்கும் மீன் அந்தத் தண்ணீரில் பிறந்ததுதான்.

பதிவு 5 | வேதிக்கணக்கு

கணக்கு சரி சார், கலக்கலாம். என் தயக்கம் ஒன்றுதான்: போர் தண்ணீர் நிலையாக இருக்காது. மழைக்குப் பின் ஒரு எண், மே மாதம் வேறு எண். அதே 3:1 கலவையில் டி.டி.எஸ். இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். கலப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்து விகிதத்தை மாற்ற வேண்டும். சோடா நிறுப்பதைவிட அதுதான் சோம்பலுக்குப் பெரிய சோதனை. 50 கிராம் டப்பாவில் ஒரு கோடு போட்டுவிட்டால் நிறுக்கவே வேண்டாம்.

மெட்ரோ லாரித் தண்ணீர் வாங்குபவர்களுக்கு: சில லோடு மெட்ரோவாக இராது. ஊற்றுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பதிவு 6 | யாழ்க்கிணறு (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் நிலம். கிணத்துத் தண்ணி இயல்பாவே கடினம், கே.எச். நல்லாவே இருக்கும், சோடா தேவைப்படாது. ஆனா இங்க வேற ஒரு பிரச்சினை: நைட்ரேட். தோட்டங்களுக்குப் போடுற யூரியா நிலத்தடி நீருக்கு இறங்குறதால சில கிணறுகளில குழாயில இருந்து வரேக்கையே லிட்டருக்கு 40–50 மி.கி.க்கு மேல இருக்கும். அந்தத் தண்ணியால தண்ணி மாத்தினா நைட்ரேட் எப்பிடிக் குறையும்? வடக்கில தொட்டி வைக்கிற ஆக்கள் முதல்ல கிணத்து நைட்ரேட்டை அளவுங்கோ. கூடவா இருந்தா பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணி அல்லது மழைத்தண்ணி கலவுங்கோ.

பதிவு 7 | பாறைமேடு

தண்ணீர்ப் பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொண்டு, தொட்டியை நிறுத்துவதைச் சொல்கிறேன். எம்பூனா தொட்டியில் பாதித் தவறுகள் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

எடை. வெளியளவுப்படி 255 லிட்டர். கண்ணாடித் தடிமன், மேலே விடும் 4 செ.மீ., மணல், பாறை எல்லாம் கழித்தால் உள்ளே உண்மையில் நிற்கும் தண்ணீர் 190 லிட்டர்தான். மருந்து, சோடா எல்லாவற்றையும் இந்த எண்ணை வைத்தே கணக்கிடுங்கள். கண்ணாடி 50 கிலோ, பாறை 40, மணல் 25, தண்ணீர் 190: ஸ்டாண்டைச் சேர்க்காமலே 300 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் கட்டப்படுபவை. அறை முழுதுக்கும் பரவிய சுமை அது என்பதால் 4 அடி தொட்டி பொதுவாகப் பிரச்சினை தராது. ஆனால் மாடி வீட்டில் அறை நடுவே வைக்காதீர்கள். சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் பக்கம் வையுங்கள். பால்கனி நீட்டத்தில் வைக்கவே வேண்டாம்.

ஸ்டாண்டின் மேல் 18 மி.மீ. மெரைன் பிளைவுட், அதன்மேல் 12 மி.மீ. தெர்மாகோல் அல்லது ஃபோம் ஷீட், அதன்மேல் தொட்டி. ஸ்பிரிட் லெவல் வைத்து இரு பக்கமும் பாருங்கள். முழுக்க நிரப்பி ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். இரும்புக் கால் ஒன்று டைல்ஸ் இடுக்கில் அமர்ந்தாலே மட்டம் மாறிவிடும்.

இப்போது பாறை. வரிசை முக்கியம்: முதலில் பாறை, அப்புறம் மணல். எம்பூனா குழி தோண்டும். மணலை முதலில் பரப்பி அதன்மேல் பாறை அடுக்கினால், அடியில் மணல் போய், ஒரு நாள் பாறை சரிந்து கண்ணாடியில் விழும். அடிப்பாறைகள் நேராகத் தொட்டித் தரையில் அமர வேண்டும். கண்ணாடியோடு கல் உரசாமல் இருக்க 4–5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் அல்லது ஃபால்ஸ் சீலிங் லைட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் சதுரவலையை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். கையால் அசைத்துப் பார்த்து ஆடாத கல்லை மட்டும் வையுங்கள். ஆடினால் எடுத்து வேறு பக்கம் திருப்புங்கள். உச்சியில் உள்ளவற்றைச் சிலிக்கான் பூசி ஒட்டலாம். அக்வேரியம் சிலிக்கான் மட்டும். பூஞ்சைத் தடுப்பு கலந்த பாத்ரூம் சிலிக்கான் விஷம்.

எந்தக் கல்: கருங்கல் தாராளமாகப் போடலாம், தண்ணீரை எதுவும் செய்யாது. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை, தட்டையாக அடுக்கக் குகைக்கு ஏற்றது. அறுத்த விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும், கரடுக்கல்லில் தேய்த்துவிடுங்கள். உலோக மினுமினுப்போ துருக்கோடோ உள்ள கல் வேண்டாம்.

குகை என்றால் ஒரு வாசல் போதாது. துரத்தப்படும் மீன் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். ஒற்றை வாசல் குகையில் சிக்கியது அங்கேயே கடிபட்டுச் சாகும். பாறைக் குவியலை இரண்டாகப் பிரித்து நடுவில் இடைவெளி விடுங்கள். இந்தக் கோடியில் நிற்கும் ஆணுக்கு அந்தக் கோடி தெரியக்கூடாது. உயரம் தண்ணீர் மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம்.

மணல் 3 செ.மீ. போதும். உங்கள் அடிப்பரப்புக்கு 25 கிலோ மூட்டை ஒன்று. வாட்டர் ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணல், 0.5–1 மி.மீ. அளவு, நல்ல தேர்வு. எம்-சாண்ட் வேண்டாம்: தூள் அடங்கவே அடங்காது, துகள்கள் கூரானவை, இந்த மீன்கள் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே விடுபவை. கடற்கரை மணலும் வேண்டாம். வாளியில் போட்டு ஹோஸ் விட்டுக் கலக்கிக் கலக்கி, வழியும் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள்.

பதிவு 8 | கண்ணாடிப்பெட்டி

மிக்க நன்றி அண்ணா. பவளத்துண்டு போட்டால் பி.எச். தானாக நிற்கும் என்று பல இடங்களில் படித்தேன். ராமேஸ்வரம் பக்கமிருந்து வரும் துண்டுகளை ஒரு கடையில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதிவு 9 | பாறைமேடு

வாங்கவே கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரை ஒதுங்கிய செத்த துண்டானாலும் வைத்திருப்பது குற்றம். மன்னார் வளைகுடாத் தீவுகள் ஏற்கெனவே சுண்ணாம்புக்காகத் தோண்டித் தோண்டித் தேய்ந்தவை.

அதே வேலையைக் கோழித் தீவனக் கடையில் விற்கும் கிளிஞ்சல் நொறுக்கு செய்யும். ஒரு கிலோவைக் கழுவி வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போடுங்கள். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை மட்டும் தவறியும் போட்டுவிடாதீர்கள், பி.எச். 12க்கு ஏறி ஒரே மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். சுடாத கிளிஞ்சலிலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பி.எச். 8ஐ நெருங்கினால் அது கரைவது ஏறக்குறைய நின்றுவிடும். சோடா போட மறந்த வாரத்தில் பி.எச். 7க்குக் கீழே சரியாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பதிவு 10 | ஓவர்ஃப்ளோ

ஃபில்டர் பற்றி யாரும் பேசவில்லையே. எம்பூனா தொட்டியில் மீன் நெருக்கம், தீனியும் அதிகம், செடி கிடையாது. தொட்டிக் கொள்ளளவைப்போல மணிக்கு 6 முதல் 10 மடங்கு தண்ணீர் சுற்ற வேண்டும். ஸ்டாண்டுக்குக் கீழே இடம் இருந்தால் சம்ப் போடுங்கள், அதாவது மேலிருந்து வழியும் தண்ணீரை வடிகட்டிப் பம்ப் வழியே திரும்ப மேலே அனுப்பும் கீழ்த்தொட்டி. 30 × 12 × 15 அங்குலம் என்றால் முழுக் கொள்ளளவு 88 லிட்டர். ஓடும்போது 50 லிட்டரில் நிற்கட்டும்.

மீதி 38 லிட்டர் சும்மா விடப்பட்டதில்லை. கரண்ட் போனதும் மேலே 2 செ.மீ. தண்ணீர் இறங்கினாலே 11 லிட்டர். குழாய்களில் நிற்பது தனி. அந்த இடம் இல்லாவிட்டால் ஹால் முழுக்கத் தண்ணீர்தான். அதைவிட முக்கியம்: மேலே தண்ணீர் விடும் ரிட்டர்ன் குழாயில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே 4 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். பம்ப் நின்றதும் குழாய் சைஃபனாக மாறித் தொட்டியைக் காலி செய்யாமல் அந்தத் துளை காற்றை இழுத்து அறுத்துவிடும். அதில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுங்கள்.

பம்ப் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருப்பது உயரமே இல்லாத கணக்கு. 1.3 மீட்டர் ஏற்றினால் பாதி வந்தாலே நல்லது. அந்தப் பாதியே உங்கள் 190 லிட்டருக்கு ஏறக்குறைய 8 மடங்கு.

வரிசை: முதலில் ஸ்பாஞ்ச் அல்லது ஃபில்டர் பஞ்சு, பிறகு செராமிக் ரிங், கடைசியில் பம்ப். கரி தேவையில்லை. எல்லா ஒயரும் சுவிட்ச் போர்டுக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், ஒயர் வழியே வரும் சொட்டு பிளக்குக்குப் போகாது. ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் மாட்டவே மாட்டாதீர்கள்.

பதிவு 11 | சிறுதொட்டி

சம்ப் வேண்டாம் என்பவர்கள் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) ஒன்று, கூட இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்று போடலாம்தானே?

பதிவு 12 | ஓவர்ஃப்ளோ

போடலாம். ஸ்பாஞ்சின் ஏர் பம்ப் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

பதிவு 13 | வேதிக்கணக்கு

மீன் வாங்கும் முன் சைக்கிளிங், அதாவது மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை ஃபில்டரில் வளர்ப்பது. மற்றத் தொட்டிகளில் இதை அரைகுறையாகச் செய்து தப்பிக்கலாம், இங்கே முடியாது. காரணம் பி.எச். அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும், கொல்வது அயனியாகாத அம்மோனியா. 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 0.7 சதவீதம்தான் அந்த வடிவம். பி.எச். 8.3 என்றால் 12 சதவீதம். டெஸ்ட் கிட் இரண்டுக்கும் ஒரே நிறத்தைத்தான் காட்டும். பி.எச். 7ஐ ஒட்டிய ஏஞ்சல் மீன் தொட்டியில் 0.5 காட்டினால் "நாளைக்குப் பார்ப்போம்" எனலாம். எம்பூனா தொட்டியில் அதே 0.5 வந்தால் அன்றே பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும்.

செய்முறை: தொட்டி, சம்ப் சேர்த்து 240 லிட்டர். கே.எச்.ஐ முதலிலேயே 7க்கு ஏற்றிவிடுங்கள் (29 கிராம் சோடா). பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது கே.எச்.ஐத் தின்னும், 2–3இல் விட்டால் பாதியில் நின்றுவிடும். அம்மோனியம் குளோரைடு 1.5 கிராம் கரைத்து ஊற்றினால் அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மி.கி.) வரும். அதுதான் நாட்டுமருந்துக் கடை நவச்சாரம். ஆனால் கடைக் கட்டியில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஆய்வகத் தரப் பொடி நல்லது. அம்மோனியா 0 ஆகும்போதெல்லாம் மறுபடி அதே அளவு. முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு விழும். 2 பி.பி.எம். ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 வந்தால் தயார். நம் ஊர்ச் சூட்டில் 4–5 வாரம். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதி நாளில் முடியும். நோய் இல்லாத தொட்டியா என்று பார்த்து வாங்குங்கள்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் உண்டு. அதை நீக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) 100 லிட்டருக்கு 1–1.5 கிராம் கரைத்து ஊற்றுங்கள்.

பதிவு 14 | கொளத்தூர்வாசி

இனி என் ஏரியா. எந்த மீன்?

கடையில் "அசார்ட்டட் ஆப்பிரிக்கன்" என்று கலர் கலராக 2 அங்குலக் குஞ்சுகள் ஒரே தொட்டியில் நிற்கும். விலை குறைவு, பார்க்க அழகு. எடுக்காதீர்கள். அதில் ஆரடஸும் கென்யியும் கட்டாயம் இருக்கும். குஞ்சில் மஞ்சள்–கறுப்புக் கோடு போட்டிருக்கும் ஆரடஸ் வளர்ந்தால் 4 அடி தொட்டி முழுவதும் தனக்கே சொந்தம் என்று நினைக்கும். கென்யியும் அப்படியே, அதில் குஞ்சு எல்லாம் நீலம், வளர்ந்தும் நீலமாகவே நின்றால் பெண், மஞ்சளானால் ஆண். மற்றவை பெரும்பாலும் கலப்பினம்.

முதல் தொட்டிக்கு நான் சொல்லும் கூட்டு: யெல்லோ லேப் 8, ரஸ்டி 6, ஏசெய் 8. மொத்தம் 22. லேப் மஞ்சள், ரஸ்டி ஊதாப்பழுப்பு, ஏசெய் நீல உடல் மஞ்சள் வால்: மூன்றும் மூன்று நிறம், ஒன்றை ஒன்று எதிரியாகப் பார்ப்பது குறைவு. எம்பூனா தன் நிறத்தையும் கோட்டையும் ஒத்த மீனைத்தான் முதலில் அடிக்கும். லேப்பும் ரஸ்டியும் 10 செ.மீ. அளவில் நிற்கும். ஏசெய் 15 வரை போகும், மேல்மட்டத்தில் கூட்டமாக நீந்தும்.

இன்னொரு வழி, ஒரே இனம்: சௌலோசி 12–15. ஆண் நீலத்தில் கறுப்புப் பட்டை, பெண் மஞ்சள். ஒரே இனத்திலேயே இரண்டு நிறம். ஏரியில் தைவானீ என்ற ஒரே ஒரு நீரடிப் பாறைத்திட்டில் மட்டும் வாழும் மீன், அங்கே பிடித்துப் பிடித்து அருகிவிட்டது. ஆகவே கலப்பில்லாமல் வளர்ப்பது தேவையும்கூட. சௌலோசியோடு யெல்லோ லேப் போடாதீர்கள், பெண்கள் ஒரே மாதிரி மஞ்சள்.

யெல்லோ லேப் வாங்கும்போது முதுகுத்துடுப்பைப் பாருங்கள். கறுப்புப் பட்டை அறுத்தாற்போல் இருக்க வேண்டும். ஆரஞ்சு சாயல், மங்கிய பட்டை, உடம்பில் லேசான குறுக்குக் கோடு என்றால் ரெட் ஜீப்ரா என்ற வேறு எம்பூனா கலந்தது. இன்னொன்று: ஏரியில் இந்த இனத்தின் பெரும்பாலான கூட்டங்கள் வெள்ளை. நாம் வளர்க்கும் மஞ்சள், மேற்குக் கரையில் லயன்ஸ் கோவ் பக்கத்துக் கூட்டத்திலிருந்து வந்தது.

குஞ்சில் ஆண் பெண் தெரியாது. 8 வாங்கி, 6–7 செ.மீ. ஆனதும் மிகுந்த ஆண்களை எடுத்துவிடுங்கள். ஒரு ஆணுக்கு 3 பெண்ணாவது இருக்க வேண்டும். 22ஐயும் ஒரே நாளில் விடுங்கள். இன்று 6, அடுத்த மாதம் 6 என்றால் முதலில் வந்தவை இடம் பிடித்துப் பின்னால் வருபவற்றைக் கொல்லும். சைக்கிளிங்கை 2 பி.பி.எம்.இல் முடிக்கச் சொன்னதே இந்த ஒரே நாள் சுமைக்காகத்தான்.

"டேங்க் க்ளீனர்" என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது ஒன்றரை அடி வளரும், குப்பையும் கூட்டும். வேண்டாம்.

பதிவு 15 | ஓவர்ஃப்ளோ

22 அதிகமில்லையா? ஏசெய் 15 செ.மீ. வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

பதிவு 16 | கொளத்தூர்வாசி

குறைவாக விட்டால் அடி ஒரே மீனுக்கு விழும், அது செத்ததும் அடுத்தது. 20க்கு மேல் இருந்தால் அடி பரவும். இது எம்பூனாவுக்கு மட்டும் பொருந்தும் விதி, பீகாக் என்ற இன்னொரு மலாவி சிக்லிட் வகைக்கு நீட்டாதீர்கள். இந்த நெருக்கத்துக்கு விலை, வாரம் 35–40 சதவீதத் தண்ணீர் மாற்றம். நைட்ரேட் லிட்டருக்கு 40 மி.கி.யைத் தாண்டக்கூடாது. அதைச் செய்ய முடியாதவர்கள் ஏசெய்யை விட்டுவிட்டு 14–15 என்று நிறுத்தலாம், ஆனால் ஆண்களை இன்னும் கறாராகக் குறைக்க வேண்டும்.

பதிவு 17 | பாறைமேடு

ஓவர்ஃப்ளோ கேட்டதில் நியாயம் இருக்கிறது. 20க்கு மேல் என்பது சம்ப் உள்ள தொட்டிக்குச் சரி. ஒற்றை கேனிஸ்டர் என்றால் 16ஐத் தாண்ட வேண்டாம் என்பேன். கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் முதலில் தீர்வது ஆக்ஸிஜன். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மி.கி. பிடித்துவைக்கும், 32 டிகிரியில் 7.3தான். மே மாதத்தில் நெருக்கமான தொட்டிக்கு அந்த வித்தியாசம் பெரிது.

எம்பூனாவோடு பீகாக், ஹாப் என்ற மற்ற மலாவி வகைகளைச் சேர்ப்பதைப் பற்றி யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: 4 அடியில் வேண்டாம். தீனி வேறு, சுபாவம் வேறு. ஹாப் வகை வீனஸ்டஸ் 25 செ.மீ. வரும், அது 4 அடி தொட்டிக்கான மீனே இல்லை.

பதிவு 18 | சிறுதொட்டி

என்னிடம் 2 அடி தொட்டிதான், 60 லிட்டர். யெல்லோ லேப் ஒரு ஜோடி?

பதிவு 19 | யாழ்க்கிணறு

ஜோடி எண்டதே எம்பூனாவில இல்லை. ரெண்டு மீன் விட்டா ஒண்டு மற்றதைக் கொண்டுபோடும். 2 அடிக்கு ஆப்பிரிக்கா வேணுமெண்டா தாங்கன்யீகாவின்ர ஓட்டு மீன், மல்டி. ஆண் 4–5 செ.மீ., பெண் 3. செத்த நத்தை ஓட்டுக்குள்ள குடியிருந்து அதுக்குள்ளேயே முட்டை போடும். 6 மீன் விட்டா ஒரு வருசத்தில பெரிய குடும்பமாப் பெருகிடும்.

ஓடு காசு குடுத்து வாங்க வேண்டாம். வயல் நத்தை ஓடு, 3–5 செ.மீ. அளவில வெறும் ஓடாப் பொறுக்கி, கொதிக்க வைச்சு, உள்ளுக்கு மிச்சம் ஏதும் அழுகாமல் ரெண்டு மூண்டு நாள் தண்ணி மாத்தி ஊற வையுங்கோ. மீன் ஒண்டுக்கு மூண்டு ஓடு கணக்கு. மணல் மெல்லிசா, 5 செ.மீ. ஆழம், அவை ஓட்டைத் தாங்களே புதைக்கும். கே.எச். 10க்கு மேல, பி.எச். 8.5 கிட்ட. எங்கட கிணத்துத் தண்ணிக்கு எம்பூனாவை விட இவை பொருத்தம்.

பதிவு 20 | கண்ணாடிப்பெட்டி

தீனி? இரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ் புழு இரண்டும் பக்கத்துக் கடையில் தினமும் உயிரோடு கிடைக்கின்றன.

பதிவு 21 | பாறைமேடு

இரண்டும் எம்பூனாவுக்கு வேண்டாம். இவை பாறைமேல் படர்ந்த பாசியையும் அதற்குள் இருக்கும் சிற்றுயிர்களையும் நாள் முழுக்கக் கரண்டித் தின்பவை. குடல் நீளம். கொழுப்பும் இறைச்சியும் அதிகமானால், அதோடு அடி வாங்கும் மனஅழுத்தமும் அழுக்குத் தண்ணீரும் சேர்ந்தால், வயிறு ஊதும் நோய் வரும். மாட்டு இதயம் கொடுக்கும் பழக்கமும் இங்கே இருக்கிறது. டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களிடமிருந்து வந்த பழக்கம், எம்பூனாவுக்கு அது எமன்.

ஸ்பிருலினா கலந்த ஃப்ளேக் அல்லது 1 மி.மீ. மூழ்கும் பெல்லட், நாளுக்கு இரண்டு வேளை, அரை நிமிடத்தில் தீரும் அளவு. தட்டும்போதெல்லாம் மேலே வந்து பிச்சை கேட்கும், மசியக்கூடாது. பெல்லட்டை ஒரு நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி. கொதிநீரில் முக்கியெடுத்த பாலக் கீரை, தோலுரித்த பட்டாணி எப்போதாவது. லைட்டை 8 மணி நேரம் விட்டால் பாறையில் பாசி படரும், அதைச் சுரண்டாதீர்கள், முன் கண்ணாடியை மட்டும் துடையுங்கள்.

நோயின் முதல் அறிகுறி ஊதிய வயிறில்லை. அதற்கு நாலைந்து நாள் முன்பே மீன் தீனிக்கு வராது; வந்தாலும் வாயில் வாங்கித் துப்பும். கழிவு வெள்ளை நூலாகத் தொங்கும். அந்தக் கட்டத்தில் தனித் தொட்டிக்கு மாற்றி மெட்ரோனிடசோல், 40 லிட்டருக்கு 250 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் கால்வாசித் தண்ணீர் மாற்றிவிட்டு. தீனி எடுக்கிறதென்றால் மருந்தைத் தீனியில் ஊறவைப்பது இன்னும் நல்லது. அது மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்து. கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வயிறு உப்பிச் செதில் நிமிர்ந்த பிறகு பெரும்பாலும் மீளாது.

பதிவு 22 | கண்ணாடிப்பெட்டி

வெயில் காலத்துக்குச் சில்லர் வாங்க வேண்டுமா? ஹீட்டர்?

பதிவு 23 | ஓவர்ஃப்ளோ

சென்னையில் ஹீட்டர் வேண்டாம். ஏரியின் மேல்நீர் 24–29 டிகிரி. மார்கழியிலும் வீட்டுக்குள் அதற்குக் கீழே அதிகம் போகாது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு 200 வாட் ஹீட்டர் கட்டாயம்.

சில்லரும் வேண்டாம். மூடியைத் திறந்து சம்ப் மேல் சின்ன ஃபேன் ஒன்று ஓடினால் ஆவியாகி 2–3 டிகிரி குறையும். தினம் இரண்டு மூன்று லிட்டர் போகும். ஆவியானதை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். போர் தண்ணீர் ஊற்றி நிரப்பினால் கோடை முடிவதற்குள் டி.டி.எஸ். எங்கோ போயிருக்கும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை ஊற்றாதீர்கள், அதில்தான் உப்பு முழுக்க இருக்கிறது.

மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் 40 டிகிரியைத் தொடும். தண்ணீர் மாற்றம் விடியற்காலையில். 80 லிட்டர் மாற்றினால் வாளியிலேயே 10 கிராம் சோடா, ஹைப்போ கரைத்துவிட்டு ஊற்றுங்கள்.

பதிவு 24 | கண்ணாடிப்பெட்டி

கடைசிக் கேள்வி. பெண் மீன் வாயில் முட்டை வைத்திருந்தால் என்ன செய்வது?

பதிவு 25 | கொளத்தூர்வாசி

தாடை கீழே இறங்கி உப்பியிருக்கும், தீனிக்கு வராது, வாயை மென்றுகொண்டே இருக்கும். நோயோ என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். சுமார் 3 வாரம் வாயில் வைத்திருக்கும். முதல்முறை தாய் பாதியில் விழுங்கிவிடும், விட்டுவிடுங்கள், அடுத்த தடவை பழகிவிடும்.

குஞ்சு வேண்டுமென்றால் 15 நாளுக்கு மேல், இரவு லைட் அணைத்த பிறகு மெல்ல வலையில் பிடித்து, அதே தண்ணீர் ஊற்றிய 40 லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஒளிய பி.வி.சி. குழாய் ஒரு துண்டு. பகலில் துரத்திப் பிடித்தால் பயத்தில் அங்கேயே துப்பிவிடும். குஞ்சுகளை வாயிலிருந்து வெளியே விட்டதும் தாயை இரண்டு நாள் தனியாகத் தீனி போட்டுத் தேற்றி, திரும்ப விடும்போது நாலு பாறையை இடம் மாற்றி வையுங்கள், இல்லையென்றால் அதைப் புது ஆள் என்று எல்லாம் சேர்ந்து அடிக்கும். குஞ்சுக்கு ஆர்ட்டீமியா (பொரித்த உப்புநீர் இறால் குஞ்சு), இல்லையென்றால் விரலில் பொடித்த ஃப்ளேக்.

வேண்டாதவர்கள் எதுவும் செய்ய வேண்டாம். பாறை இடுக்கில் ஒன்றிரண்டு தப்பிப் பிழைக்கும். மிஞ்சியதைக் கடையில் கொடுங்கள், ஏரியிலும் கிணற்றிலும் விடாதீர்கள். 1952இல் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்க சிக்லிட்தான், இன்று அது இல்லாத குளம் எது?

பதிவு 26 | கண்ணாடிப்பெட்டி

குறித்துக்கொண்டேன் சார். சிலிக்கா மணலும் கடப்பா கல்லும் இந்த வாரம் எடுக்கிறேன். பாறை அடுக்கியதும், மணல் போடும் முன் படம் போடுகிறேன். ஒற்றை வாசல் குகை எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.